கைரோவில் பிறந்த பாட்டி

"நான் கைரோவுல பொறந்தவடா!"

பாட்டி இப்படிச் சொல்லும்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். எகிப்து நாட்டுத் தலைநகரில் பிறந்தவருக்கு எப்படி இவ்வளவு நன்றாக மீன் குழம்பு வைக்கத் தெரிந்தது என்று அண்ணன் கிண்டல் செய்வான். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். "போடா, ஒங்க தாத்தாவும் கைரோதான்" என்பார்.

சிரிப்பு நின்றது போன வருடம். அண்ணன் மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரும்படி பாடம் கொடுத்திருந்தார்கள். தாத்தா பாட்டி பிறந்த ஊர், கொள்ளுத்தாத்தா வந்த ஊர் எல்லாம் எழுத வேண்டும். பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்தோம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது: கைரோ தோட்டம், சிரம்பான்.

பாட்டி சொன்னது கதை அல்ல. சிரம்பான் வட்டாரத்தில் கைரோ என்ற பெயரில் ரப்பர்த் தோட்டம் இருந்தது. அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளியும் உண்டு. நான் கோலாலம்பூரில் கணக்காய்வு வேலை பார்க்கிறவன். எண்களோடு பழகியவனுக்கு அன்றிலிருந்து பெயர்களின் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

ஷாங்காயிலிருந்து கைரோவுக்கு

பழைய தோட்டங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். வரைபடத்தை விடுங்கள், தமிழ்ப்பள்ளிகளின் பட்டியலை எடுங்கள். நெகிரி செம்பிலானில் மட்டும் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. நாட்டில் பல பள்ளிகள் நகரத்துக்கே இடம் பெயர்ந்துவிட்டன. ஆனாலும் 'லாடாங்' என்ற சொல்லையும் தோட்டத்தின் பெயரையும் அவை இன்னும் பெயர்ப்பலகையில் சுமந்துகொண்டு நிற்கின்றன.

அந்தப் பட்டியலை ஒரு சனிக்கிழமை இரவு படிக்க உட்கார்ந்தேன். உலகம் சுற்றி வந்தது போல் இருந்தது. கைரோவுக்குத் துணையாக ஷாங்காய் தோட்டமும் சிரம்பானிலேயே இருக்கிறது. சிலியாவ், போர்ட்டிக்சன் பக்கம் போனால் பிராட்வால், அத்தர்ட்டன். இரண்டும் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஊர்களின் பெயர்கள். பகாவ் பக்கம் கெடிஸ், மிடல்டன். முதலாவது ஸ்காட்லாந்தில் புழங்கும் குடும்பப் பெயர்.

இடையிடையே மலாய்ப் பெயர்கள். லாபு என்றால் பூசணி, சுரை வகைக் காய். குபாங் என்றால் எருமை புரளும் சேற்றுக் குட்டை. தானா மேரா என்றால் செம்மண். ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர். லாபுவில் இன்னொரு வேடிக்கை. லாபு முதல் பிரிவுத் தமிழ்ப்பள்ளி, லாபு நான்காம் பிரிவுத் தமிழ்ப்பள்ளி என்று பட்டியலில் இருக்கின்றன. "ரெண்டும் மூணும் எங்கே போச்சு?" என்று அண்ணன் மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காலமே இருக்கிறது. பெரிய தோட்டம் ஒவ்வொன்றும் பல டிவிஷன்களாகப் பிரிந்திருந்தது. டிவிஷனுக்கு ஒரு லயம், ஒரு கோயில், ஓர் ஆயாக்கொட்டகை, பல இடங்களில் ஒரு பள்ளி.

இந்த அயல்நாட்டுப் பெயர்கள் எப்படி வந்தன என்பதற்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பர் விலை ஏறியது. லண்டனில் புதுப்புது நிறுவனங்கள் முளைத்தன, மலாயாவில் காடு வெட்டப்பட்டது. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட துரைமார்கள் பல இடங்களில் தங்கள் ஊர்ப் பெயரை, குடும்பப் பெயரை, பிடித்த புனிதரின் பெயரை வைத்தார்கள். 1910-இல் இந்த ரப்பர் மோகம் சீனாவின் ஷாங்காய் பங்குச் சந்தையையும் பிடித்து ஆட்டியது. மலாயாத் தோட்டங்களைக் காட்டி அங்கே பல நிறுவனங்கள் பங்குகளை விற்றன. அந்த ஆண்டே சந்தை சரிந்து, பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்தக் காலத்து ஷாங்காய்ப் பங்குப் பட்டியலில் சிரம்பானின் பெயரைத் தாங்கிய ரப்பர் நிறுவனமும் உண்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஷாங்காய் தோட்டம் எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. எங்கோ பங்கு வாங்கிய ஒருவரின் லாபத்துக்காக இங்கே விடியற்காலையில் பிரட்டுக்கு வரிசை பிடித்து நின்றவர்கள் நம்மவர்கள்.

பத்து என்றால் கல்

நம் காது ஊர்ப் பெயர்களோடு விளையாடிய விளையாட்டும் கொஞ்சநஞ்சமல்ல. சின்ன வயதில் கோலா பிலா என்பது கடையில் விற்கும் ஏதோ குளிர்பானம் என்று நினைத்திருந்தேன். 'கோலா' என்றால் ஆற்று முகத்துவாரம் என்று பின்னால்தான் தெரிந்தது. 'பத்து' என்றால் மலாயில் கல். பத்துமலையில் மலைகளை எண்ணிப் பார்த்துப் பத்து வரவில்லை என்று ஏமாந்த பிள்ளைகளில் நானும் ஒருவன்.

அந்தக் கல்லே மைல்கல்லும் ஆகிறது. பத்து தீகா என்றால் மூன்றாவது மைல். நம் ஆட்கள் அதற்குத் தமிழில் 'கட்டை' என்றார்கள். "ஆறாங்கட்டையில எறங்கு" என்றால் இங்கே யாருக்கும் புரியும். தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பரிடம் சொன்னேன். அவர் சாலையோரத்தில் மரக்கட்டையைத் தேடினார்!

பெயர்கள் மாறவும் செய்யும். நம் போர்ட்டிக்சனின் பழைய பெயர் ஆராங். கரி என்று பொருள். பிறகு டிக்சன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1891-இல் சிரம்பானிலிருந்து அங்கே ரயில் ஓடியது. நம் முன்னோர் பலர் முதன்முதலில் கேட்ட நெகிரி செம்பிலான் ஊர்ப் பெயர்கள் அந்த ரயில் நிறுத்தங்களின் பெயர்களாகத்தான் இருக்கும்.

செந்திலையர் தோட்டம்

குடும்ப மரத்தில் ஒரு கிளை மட்டும் காலியாக இருந்தது. பாட்டியின் அக்கா.

பாட்டிக்கு ஆறு வயது மூத்தவர். 1952-இல் கல்யாணம் ஆகி வேறு தோட்டத்துக்குப் போனார். 1966-இல் கொள்ளுத்தாத்தா காலமானபோது காரியத்துக்கு வந்தார். அங்கே அம்மாவின் ஒரு ஜோடி கம்மல் யாருக்கு என்பதில் அக்கா தங்கைக்குள் வாக்குவாதம். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவர்தான். 1968-இல் தாத்தாவும் பாட்டியும் கைரோவை விட்டு ரந்தாவ் பக்கம் லின்சம் தோட்டத்துக்கு மாறினார்கள். அக்காவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

"அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி. என்னை வேணாம்னுட்டா" என்பதோடு பாட்டி அந்தப் பேச்சை முடித்துவிடுவார். 50 வருடங்களுக்கு மேல் அப்படியே முடிந்துகொண்டிருந்தது.

"அவங்க எந்தத் தோட்டத்துக்குக் கட்டிக்கிட்டுப் போனாங்க பாட்டி?"

"செந்திலையர் தோட்டம்."

அப்பாவும் சித்தப்பாவும் முன்பே ஒரு தடவை இதைத் தேடியிருக்கிறார்கள். செட்டியார்கள் தோட்டம் வைத்திருந்த காலம் அது. அதுபோல் செந்தில் ஐயர் என்று ஒரு முதலாளி இருந்திருப்பார் என்று நம்பி, தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார்கள். அப்படி ஓர் ஐயரை யாருக்கும் தெரியவில்லை. ஐயர் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டார்கள்.

நான் பட்டியலைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வேறு நோக்கம் இல்லை. பெயர்களைக் கேட்டால் அவருக்குப் பழைய கதைகள் வரும், அவ்வளவுதான். ஜெராம் பாடாங், செனாமா, கெடிஸ்... அடுத்து ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். "செயின்ட் ஹீலியர்."

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன சொன்ன?"

"செயின்ட் ஹீலியர், பாட்டி. பகாவ் பக்கம்."

"அதைத்தான்டா நானும் சொன்னேன். செந்திலையர்!"

வேகமாகச் சொல்லிப் பாருங்கள். சென்ட் ஹீலியர், சென்ட்டிலியர், செந்திலையர். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி ஆங்கிலப் பெயரை ஏறத்தாழச் சரியாகவே சொல்லியிருக்கிறார். படித்த நாங்கள்தான் அதற்குப் பூணூல் மாட்டி ஐயராக்கிவிட்டோம். செயின்ட் ஹீலியர் என்பது ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி தீவின் தலைநகர். ஆறாம் நூற்றாண்டில் அங்கே தவ வாழ்க்கை வாழ்ந்து, கொள்ளைக்காரர்களின் கோடரிக்குப் பலியானதாகச் சொல்லப்படும் துறவியின் பெயர் அது. எங்கிருந்தோ வந்த அந்தத் துறவியைத் தேடித்தான் எங்கள் குடும்பம் அத்தனை வருடம் அலைந்திருக்கிறது.

புக்கிட் புத்துஸ் தாண்டி

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம். பாட்டிக்கு வயது 84. முழங்கால் வலி. வர வேண்டாம் என்றோம். அதற்குள் சேலை மாற்றிக்கொண்டு காரில் உட்கார்ந்துவிட்டார்.

சிரம்பானிலிருந்து கோலா பிலா போகும் வழியில் புக்கிட் புத்துஸ் மலை ஏற வேண்டும். புத்துஸ் என்றால் அறுந்தது, துண்டித்தது. 'அறுந்த மலை' என்று அர்த்தம் சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. ஜுவாசே தாண்டிப் பகாவ் நெருங்கும்போது இருபுறமும் செம்பனை. பாட்டி கண்ணாடி வழியே ரப்பர் மரம் தேடிக்கொண்டே வந்தார்.

பகாவுக்கும் பெயர்க்கதை உண்டு. ஜப்பானியர் காலத்தில், 1943-இல், சிங்கப்பூரிலிருந்து யூரேசியரும் கத்தோலிக்கரும் இங்கே காட்டில் குடியேற்றப்பட்டார்கள். அந்தக் குடியிருப்புக்கு ஜப்பானியர் தங்கள் ஃபுஜி மலையின் பெயரை வைத்தார்கள். அழகான பெயர். மலேரியாவிலும் பசியிலும் பல நூறு பேர் அங்கே மாண்டுபோனார்கள். பெயர் வைத்தவர்கள் ஒருவர், அங்கே வாழ்ந்தவர்கள் வேறொருவர் என்பது தோட்டத்துக்கு மட்டுமான கதை அல்ல.

நகரத்து ஒட்டுக்கடையில் விசாரித்தோம். கடைக்காரர் பழைய செயின்ட் ஹீலியர் ஆட்கள் சிலர் குடியிருக்கும் தாமானுக்கு வழி சொன்னார். அங்கே தொண்ணூறைத் தொட்ட ஓர் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய பாட்டியின் பெயரைச் சொன்னேன். தெரியாது என்று தலையாட்டினார். அவருடைய கணவர் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தார்களாம். புகைப்படமும் எங்களிடம் இல்லை.

கிளம்பலாம் என்று எழுந்தபோது அந்த அம்மா பாட்டியைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க எந்தத் தோட்டம்?"

"நாங்க கைரோ."

அந்த அம்மா பாட்டியை உற்றுப் பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"கைரோக்கா தங்கச்சியா நீ?"

அந்தத் தோட்டத்தில் பெரிய பாட்டியின் சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதே இல்லை. கைரோவிலிருந்து வாழ வந்தவர், அதனால் கைரோக்கா. பிரட்டில், நிரையில், குழாயடியில் எல்லாம் கைரோக்கா. 18 வருடம் அதுதான் அவருடைய பெயர். எங்கள் பாட்டி பிறந்த ஊரை நாங்கள் கேலி செய்துகொண்டிருந்த அத்தனை நாளும், இங்கே ஒருவர் அதே பெயரைத் தம் சிநேகிதியின் பெயராக நினைவில் வைத்திருந்திருக்கிறார்.

வராத கடிதம்

நடந்தது இதுதான். பெரிய தாத்தாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு 1969-இல் வேலை பெர்மிட் கட்டாயமானது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும், பத்திரம் இல்லாததாலும் மனு போடத் தெரியாததாலும் பல்லாயிரம் தமிழர்கள் அந்த நேரத்தில் வேலை இழந்தார்கள். பலர் குடும்பத்தோடு கப்பலேறினார்கள். 1970-இல் கைரோக்கா குடும்பமும் கிள்ளான் துறைமுகத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறியது. 1926-இல் கட்டப்பட்டு, நம் ஆட்களை இங்கே கொண்டுவந்து இறக்கிய அதே ரஜுலா. போன இடம் திருச்சி ஜில்லா, முசிறிப் பக்கம். அவருடைய கணவரின் அப்பா பிறந்த ஊர். கைரோக்கா அதற்கு முன் அந்த மண்ணை மிதித்ததே இல்லை.

"போறதுக்கு முந்தி ஒனக்குக் கடுதாசி போட்டாம்மா. என் வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுத்தாரு. கம்மலெல்லாம் ஒரு பெருசா, கெளம்புறதுக்குள்ள ஒரு தரம் வந்து மொகத்தைக் காட்டிட்டுப் போன்னு எழுதச் சொன்னா. நீ வருவ வருவன்னு கடைசி நாள் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா."

"எந்த வெலாசத்துக்குப் போட்டா?" என்று கேட்டார் பாட்டி. குரல் சரியாக வரவில்லை.

"கைரோ தோட்டம், சிரம்பான்."

கைரோவை விட்டு அதற்கு இரண்டு வருடம் முன்பே பாட்டி ரந்தாவுக்குப் போய்விட்டார். கடிதம் அவர் கைக்கு வரவில்லை. ஒருத்தி வரவில்லை என்றும், ஒருத்தி வேண்டாம் என்றுவிட்டாள் என்றும், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேர் அரை நூற்றாண்டு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பாட்டி வெகுநேரம் பேசவில்லை. புக்கிட் புத்துஸ் இறங்கும்போது திடீரென்று சொன்னார்: "என் அக்கா போட்ட கடுதாசி எகிப்துக் கைரோவுக்கே போயிருச்சோ என்னமோடா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைரோவைச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் சிரிக்காதது அன்றைக்குத்தான்.

பெயரைத் திருத்தாதீர்கள்

ரந்தாவ் என்ற பெயரின் அர்த்தத்தை அன்று இரவு தேடிப் பார்த்தேன். ஆற்றின் நீண்ட நேர்ப்பகுதிக்கு மலாயில் ரந்தாவ் என்பார்கள். சுமத்ராவிலிருந்து வந்து நெகிரி செம்பிலானில் குடியேறிய மினாங்கபாவ் மக்களிடம் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. சொந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போகும் வெளியூர். பிழைப்புத் தேடிப் புறப்படுவதற்கு 'மெரந்தாவ்' என்று பெயர். எங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது.

நம்மில் பலருக்குத் தாத்தா இருந்த தோட்டத்தின் பெயர்கூடத் தெரியாது. தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள்:

பெரியவர்கள் ஒரு பெயரை எப்படி உச்சரிக்கிறார்களோ, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 'சரியாக' எழுதுகிறேன் என்று திருத்தாதீர்கள். முடிந்தால் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பட்டியலை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத பெயர் காதுக்குத் தெரியும்.

ஒருவரின் பிறப்புப் பத்திரம் இல்லையென்றால், உடன்பிறந்தவர்களின் பத்திரங்களைப் பாருங்கள். ஒரே குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு தோட்டத்தில் பிறந்திருக்கும். குடும்பம் இடம் மாறிய வழி அதிலேயே தெரிந்துவிடும்.

எத்தனையாவது கட்டை, எந்த டிவிஷன், பக்கத்தில் எந்த ரயில் நிறுத்தம் என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயர் மறந்தாலும் இவை மறக்காது.

கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயா நாளேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் கிடைத்தவுடன் அங்கே தேடலாம்.

கடைசியாக ஒன்று. சொந்தப் பெயரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அவர்களை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.

முசிறிப் பக்கத்து ஊரின் பெயரை அந்த அம்மா சொல்லியிருக்கிறார். தேடல் முடியாததால் அதை இங்கே எழுதவில்லை. பெரிய பாட்டி இருந்தால் அவருக்கு வயது 90. இல்லையென்றாலும் பிள்ளைகள் இருப்பார்கள். பள்ளி விடுமுறையில் போகலாம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாட்டி கடப்பிதழுக்குப் படம் எடுத்துவிட்டார். அந்தக் கம்மல் ஜோடியைத் தட்டானிடம் கொடுத்து மெருகேற்றியும் வைத்திருக்கிறார்.

"அங்க போயி யாருன்னு சொல்லுவீங்க பாட்டி?" என்று அண்ணன் மகள் கேட்டாள்.

"கைரோன்னு சொன்னாப் போதும்" என்றார்.